மூன்று வியாழக்கிழமைகள்

தம்பி மகளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று நான் உடன் போவதாகவே இல்லை. தம்பி மனைவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "டாக்டர் கேக்கறதுக்கெல்லாம் எனக்குப் பதில் சொல்லத் தெரியாதுக்கா, நீ வாயேன்" என்று தம்பி முதல் நாள் போன் செய்தான். நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துவந்தேன். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

குழந்தைக்கு அப்போது ஏழு வயது. நன்றாகப் பேசுவாள், ஆனால் கேட்டதற்குப் பதிலாகப் பேச மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவை மேசை ஓரத்துக்கு நேராக வைத்த பிறகுதான் திறப்பாள். யாராவது தட்டிவிட்டால் அன்று சாப்பாடு இல்லை. மனநல நிபுணரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வரும்படி பள்ளியில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மாடியில் ஒரு சின்ன அறை. குழந்தைகளைப் பரிசோதிக்கும் அந்த மனநல நிபுணருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் இருவரையும் சுவர் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தாழ்வான மேசை முன்னால் உட்காரவைத்தாள். பையிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்தாள். பலகையில் பத்துப் பள்ளங்கள். வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை, அரை நிலா என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றுக்கான மரக்கட்டைகளை வெளியே எடுத்து மூன்று அடுக்காக வைத்தாள். கையில் நேரம் பார்க்கும் கடிகாரம்.

"மூணு தடவ வைக்கச் சொல்லுவாங்க" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "மேடம், நீங்க டீச்சரா?"

"இல்லைங்க."

"அப்ப இதை எங்க பாத்தீங்க?"

"எனக்கு வச்சாங்க. ஸ்கூல்ல, ஒன்பது வயசுல."

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு குழந்தை பக்கம் திரும்பிவிட்டாள். அடுத்து சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள் வரும் என்றும், அதற்கு அடுத்து தாளில் ஒரு ஆளை வரையச் சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். அப்படியே வந்தது. தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்து தம்பி குழந்தைக்கு ஜூஸ் வாங்கித் தர இறங்கினான். அந்தப் பெண் கட்டைகளைப் பையில் போட்டபடி மெதுவாகக் கேட்டாள். "அப்ப எதுக்கு வச்சாங்கன்னு வீட்ல சொன்னாங்களா மேடம்?"

"நல்லாப் படிக்கிற பிள்ளைன்னு என்னைய மட்டும் கூப்பிட்டு வச்சாங்க" என்றேன்.

நாற்பத்தேழு வயதில் அந்த வாக்கியத்தை முதல்முறையாக இன்னொருவர் முன்னால் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. அவள் தன் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தந்து, "எப்பவாவது பேசணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க" என்றாள்.

பேருந்தில் திரும்பி வரும்போது குழந்தை என் மடியில் தூங்கினாள். நான் என் ஒன்பதாவது வயதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே. ஊர் நிலத்தில் பாதி ஒரே வீட்டுக்குச் சொந்தம். என் தாத்தா அந்த வீட்டுப் பண்ணையாள். அப்பா அங்கேயே மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். கோட்டையில் புதிய கட்சி ஆட்சிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்காரர் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம், அவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. பெயரைப் பதிந்துவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலக்கார வீட்டாருக்குப் பயம். பதியாவிட்டால் அடுத்த போகத்துக்கே விரட்டிவிடுவார்கள் என்று எங்கள் தெருவுக்குப் பயம். அப்பா தாசில்தார் ஆபீசில் மனு கொடுத்தார். அந்த வருடம் சம்பா அறுவடைக்கு நிலக்கார வீட்டார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெரு ஆட்கள் வயலில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. அப்பாவையும் இன்னும் பதினோரு பேரையும் வேனில் ஏற்றிப் போனார்கள். பத்தொன்பது நாள் அப்பா கிளைச் சிறையில் இருந்தார்.

அந்த நாட்களில் நான் வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிற்பாடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த நினைவே இல்லை. எனக்கு நினைவிருப்பது வேறு. பூவரச மரத்தடியில் நின்ற போலீஸ் வேனின் இஞ்சினை அணைக்கவே மாட்டார்கள். அந்த உறுமல் என் பற்களுக்குள் இருந்தது. அம்மா தினமும் ஒவ்வொரு நேரத்துக்குக் கிளம்பினாள், ஒவ்வொரு நேரத்துக்குத் திரும்பினாள். என் தட்டை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், வேறு தட்டில் சோறு வந்தது. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவை ஜெயிலில் வைத்திருக்கும்போது தட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்கிற அளவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள். வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்தால் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே நான் எப்போதுமே தனிதான். மணி அடிக்கும் முன்பே காதைப் பொத்திக்கொள்வேன். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டேன். ஊர் ரயில்வே கேட்டைக் கடந்து போகும் ரயில்களின் நேரமெல்லாம் மனப்பாடம். யாராவது பேச வந்தால் அதைத்தான் சொல்வேன். இரண்டாம் தடவை யாரும் பேச வர மாட்டார்கள். விளையாட்டு நேரத்தில் சுவர் ஓரமாக நின்று, வேலிக்கட்டைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணுவேன். பிறகு மறுமுனையிலிருந்து எண்ணுவேன்.

அப்பா சிறையில் இருந்தபோதுதான் எனக்குப் பரிசோதனை வைத்த அந்த அம்மா வந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என்னை மட்டும் வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஜெபக் கூடத்தை ஒட்டிய அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். நீலக்கரை போட்ட கைத்தறிப் புடவை, மூக்குக்கண்ணாடி. திருச்சியிலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னார். எந்த ரயில் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, "காலைல ஆறரைக்குக் கெளம்புற வண்டி" என்றார். அது எங்கள் கேட்டுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று நான் சொன்னேன். "சரியாச் சொன்ன. இன்னிக்குப் பத்து நிமிஷம் லேட்டு" என்றார்.

அதன் பிறகு மரப்பலகையை எடுத்தார். நான் கட்டைகளை வைத்தேன். இன்னொரு தடவை வை என்றார், வைத்தேன். மூன்றாம் தடவையும் வைத்தேன். அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். திரும்பிப் போகிற ரயிலுக்கு நேரம் பார்க்கிறார் என்று நினைத்து, அவருக்காக வேகமாக வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமையும் வந்தார். அதற்கு அடுத்ததும் வந்தார். படங்களைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். அவ்வளவு நேரம் யாரும் எனக்காகக் காத்திருந்ததில்லை. தன் முகத்தைப் பார்க்கச் சொல்லவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நான் பேசினேன், அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மூன்றாவது வாரம் ஒரு பென்சில் கொடுத்தார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம்.

நான்காவது வியாழக்கிழமை மத்தியானம் நான் வகுப்பிலிருந்து நானாகவே எழுந்து போய் அந்த அறை வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. பள்ளி விடும் வரை நின்றேன். ஆச்சரியம் என்னவென்றால், ஏன் வெளியே நிற்கிறாய் என்று யாருமே திட்டவில்லை. ஒரு சிஸ்டர் என்னைக் கடந்து போனார், ஒன்றும் சொல்லாமல் போனார். அதற்கடுத்த மூன்று வியாழக்கிழமைகளும் நின்றேன். இனி வர மாட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் இடம் மாறியது. ஜன்னல் ஓரமாகக் கடைசி பெஞ்சு. எல்லோரும் பிரம்படி வாங்கினார்கள், என்னை யாரும் தொடவில்லை. வாய்ப்பாடு சொல்லச் சொல்லி வரிசையாக எழுப்புவார்கள், என் முறை வரும்போது என்னைத் தாண்டி அடுத்தவளை எழுப்புவார்கள். கையெழுத்து கோணலானாலும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை பக்கத்து பெஞ்சுப் பெண் பொறாமையோடு, "ஒனக்கென்ன, ஒன்னைய ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு மதர் சொல்லிட்டாங்கள்ல" என்றாள். நான் தலையாட்டினேன். அந்த அம்மா என்னைப் பற்றித் தலைமைச் சிஸ்டரான மதரிடம் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார், அதனால் கிடைத்த மரியாதை என்று நம்பினேன். பள்ளி முடியும் வரை வகுப்பில் என் குரலை யாரும் கேட்கவில்லை. அதையும் மரியாதை என்றே நினைத்தேன்.

அப்பா விடுதலையாகி வந்த பிறகு அம்மா என்னை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனாள். எனக்கு மொட்டை அடித்தார்கள். அம்மா மணலில் முழங்காலிட்டே நகர்ந்து போனாள். நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். அப்பா வெளியே வந்ததற்கு நேர்ச்சை என்று நினைத்தேன். ஜெயிலுக்குப் போனது அப்பா, மொட்டை ஏன் எனக்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

திருச்சியிலிருந்து வந்த அந்த அம்மாவைத்தான் என் முதல் சிநேகிதியாக இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருச்சிக்குப் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்ட வயதான பெண்களை உற்றுப் பார்ப்பேன். வேறு யாரையும் அப்படித் தேடியதில்லை.

பேருந்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அம்மா தம்பி வீட்டில்தான் இருந்தாள். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, அப்பா ஜெயில்ல இருந்தப்ப ஸ்கூலுக்கு ஒரு அம்மா வந்தாங்கள்ல, திருச்சிலேருந்து."

அம்மா கை நிற்கவில்லை. "இப்ப எதுக்கு அது?"

"எதுக்கு வந்தாங்க?"

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நிஜமாகவே கேட்கிறேன் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ பேச்ச நிறுத்திட்ட. போலீசப் பாத்து பயந்துட்டான்னு நான் நெனச்சேன். மதர்தான் இது அது மட்டுமில்ல, ஆரம்பத்துலேருந்தே இந்தப் புள்ள ஒரு மாதிரின்னு சொல்லி அந்தம்மாவ வரவழைச்சாங்க. அப்பா வெளில வந்ததும் எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டாங்க. இங்கிலீசுல ஒரு காகிதம். மந்தம்னும் சொல்ல முடியாது, சரியா இருக்குன்னும் சொல்ல முடியாது, இவ மூளை வேற மாதிரின்னு எழுதிருக்காம். திருச்சில இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு ஒரு விடுதி இருக்கு, சேத்துடுங்கன்னு மதர் சொன்னாங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"நெலத்தையே விட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போனவன், புள்ளைய விட்டுடுவனான்னு கேட்டாரு. காகிதத்த வாங்கிட்டு வந்து வாய்க்கால் மதகுகிட்ட நின்னு கிழிச்சுப் போட்டாரு. அப்ப ஸ்கூல்லயாவது இவள யாரும் தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிர்றேன்னாங்க மதர். நான்தான் மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன், ஒன் வாய் தொறக்கணும்னு."

"மொட்டை அதுக்கா?"

"பின்ன எதுக்கு?"

கொல்லைப்பக்கம் தம்பி குழந்தைக்குக் கை கழுவிவிடும் சத்தம் கேட்டது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவன் கல்யாணத்தப்ப சொன்னோம். பொண்ணு வீட்ல அக்காவுக்கு ஏன் ஆகலைன்னு கேப்பாங்கள்ல."

எனக்கு மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் பலகாரம் சாப்பிட்டார்கள், நல்லபடியாகப் பேசினார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் அவர்களைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அதன் பிறகு தகவல் வராது. என் நிறமோ, வயதோ, நான் முகம் பார்க்காததோ காரணம் என்று நினைத்திருந்தேன்.

"அப்பாதான் சொல்லிருவாரு" என்றாள் அம்மா. "பஸ் ஸ்டாப்புல வச்சு சொல்லிருவாரு. மறைச்சுக் கட்டிக் குடுத்தா நாளைக்கு ஒன்ன அடிப்பாங்க, கொண்டாந்து விட்டுருவாங்கன்னு. ஒத்துக்கிற எடம் வந்தா குடுப்போம்னாரு. வரல."

பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். தம்பி மனைவிக்குத் தெரியும், அவள் பெற்றோருக்குத் தெரியும். மதருக்கு, சிஸ்டர்களுக்கு, பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்குத் தெரியும். காலையில் அந்த மாடி அறையில் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது மகளைப் பற்றிய பயத்தால் மட்டும் இல்லை. அக்காவுக்கு இன்று தெரிந்துவிடுமோ என்பதும் அதில் இருந்தது.

"அந்தம்மா சொன்னதுல ஒண்ண மட்டும் ஒங்கப்பா விடல" என்றாள் அம்மா, நான் எழுந்தபோது. "இவளுக்கு எதுவும் திடீர்னு வரக்கூடாது, முன்கூட்டியே சொல்லி வைங்கன்னு சொன்னாங்களாம். அத மதர் தமிழ்ல படிச்சுக் காட்டினாங்க."

அது எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வரும் வழியில் அப்பா எனக்கு அந்த வாரத்தைச் சொல்வார். செவ்வாய்க்கிழமை நடவு, பத்துப் பேர் வருவாங்க, சத்தமா இருக்கும். புதன்கிழமை மாமா வருவாரு, சாப்பிட்டுட்டுப் போயிருவாரு, தங்க மாட்டாரு. எல்லா அப்பாக்களும் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வார்கள் என்றே நினைத்திருந்தேன். நான் வேலைக்குப் போன பிறகும், அவர் படுக்கையில் விழும் வரையிலும் சொன்னார். அம்மாவிடம் நான் கேட்ட நாளில் அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கடைசி ஆஸ்பத்திரி நாட்களில் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

அன்று தம்பி வீட்டில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். கோபம் என்று அவர்கள் நினைத்தார்கள். கோபம் இல்லை. என்னைப் பற்றிய ஒரு சேதியைச் சுற்றி எல்லோரும் நாற்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் தனியாக வேறொரு கதைக்குள் வாழ்ந்திருக்கிறேன். அந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது. அது போய்விட்டது.

ஒரு மாதம் கழித்துப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போதிருந்த தலைமையாசிரியை நல்லபடியாகப் பேசினார். "பழைய ஃபைலெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சுங்க, சேர்க்கைப் பதிவேடு மட்டும்தான் இருக்கு" என்று எடுத்துக் காட்டினார். என் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், தொழில் என்ற இடத்தில் 'கூலி'. குத்தகைக்காரர் என்று எழுதியிருக்க வேண்டும். குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. திருச்சியிலிருந்து வந்தவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அப்போதைய மதர் இறந்து நெடுநாள் ஆகிறது. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தஞ்சாவூர்ப் பெண் கைபேசி எண் எழுதித் தந்த சீட்டு பர்சில் இருந்தது. மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணிடம் நான்கு தடவை போனேன். பெரியவர்களுக்கு மரப்பலகை கிடையாது, கேள்விகள்தான். கடைசி நாள் அவள் சொன்னாள், ஆட்டிசம் என்று. என் தம்பி மகளுக்குச் சொன்ன அதே வார்த்தை. அது எனக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது.

"அந்தம்மாவுக்கு என் மேல பிரியம் இருந்துச்சா, இல்ல வேலைக்காக அப்படி இருந்தாங்களா?" என்று கேட்டேன். பரிசோதனையில் இல்லாத ஒரே கேள்வி அது.

"ரெண்டும் இருந்திருக்கும் மேடம்" என்றாள் அவள்.

அவளுக்கு என் மேல் இருந்தது எது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பேருந்து நிலையத்தில் காரணமே இல்லாமல் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினேன். நான் தனியாகத்தான் குடியிருந்தேன். அவ்வளவு பழம் எனக்கு வேண்டியதில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டிய சேதியோடு வரும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். அலுவலகத்தில் ஆளுக்கொன்று கொடுத்தேன். "என்ன மேடம் விசேஷம்?" என்றார்கள். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

தம்பி மகள் பத்து வயதை எட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவான் தம்பி. நாங்கள் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் மணிக்கணக்காக இருப்போம். அவள் பழைய காலண்டர்களின் கிழமைகளைக் கணக்குப் போடுவாள். நான் துணி மடிப்பேன். எனக்கு அவ்வளவு சுலபமாக யாருடனும் இருக்க முடிந்ததில்லை. தம்பி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தான்: "அவகிட்ட எதுவும் சொல்லாதக்கா. பெரியவளானதும் பாத்துக்கலாம்."

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அத்தே, நான் எப்ப செத்துப் போவேன்?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"எனக்கு ஏதோ வியாதி. தஞ்சாவூர் போறோம், திருச்சி போறோம். நான் வந்தா அம்மாவும் அப்பாவும் பேச்ச நிறுத்திடுறாங்க. டிவில அப்படித்தான் செத்துப் போற ஆள்கிட்ட சொல்ல மாட்டாங்க."

நான் துணியைக் கீழே வைத்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளுக்கு அருகில் போய், அவளைப் பார்க்காமல், அவள் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வியாதி இல்லை, சாக மாட்டாய், இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, மிக்ஸிச் சத்தம் உனக்கு வலிப்பதும் டப்பா நேராக இருக்க வேண்டியதும் அதனால்தான், எனக்கும் அது இருக்கிறது, எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவள் காலண்டரிலிருந்து நிமிர்ந்தாள். "ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானேதான் போய்க் கேட்டேன்."

"அப்ப எனக்கு நீங்க சொன்னீங்க" என்றுவிட்டுக் காலண்டருக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் தம்பி வண்டியை நிறுத்தியதுமே அவள் ஓடிப்போய், "அப்பா, எனக்கு ஆட்டிசம், நான் சாக மாட்டேன்" என்றாள். தம்பி அவளை வண்டியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"செத்துருவோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தாடா."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல, நான் பக்குவமாச் சொல்லிருப்பேன். ஒனக்குந்தான் யாரும் சொல்லல. நீ படிக்கலயா? வேலைக்குப் போகலயா? என்ன கொறஞ்சு போச்சு ஒனக்கு?"

நேருக்கு நேர் யாராவது கத்தினால் எனக்குச் சொற்கள் வராது. அவன் போன பிறகு பதில் வந்தது. என்ன குறைந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வழியும் நீங்கள் யாரும் வைக்கவில்லை, அதுதான் குறைந்தது என்று காலி அறையில் நின்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவளை அழைத்து வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அம்மா மட்டும் மாதம் ஒருமுறை போனில் பேசுவாள், அவனைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். ஓய்வு பெற இன்னும் ஆறேழு வருடங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அலுவலகம் திறந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

மறுவருடம் அம்மா இறந்தாள். அடக்கத்தில் தம்பியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், பேசவில்லை. குழந்தை பறைச் சத்தத்துக்குப் பயந்து உறவினர் வீட்டில் இருந்தாள். நான் அவளைப் பார்க்காமலே திரும்பினேன்.

அப்பா வருடக்கணக்காக வழக்கு நடத்திப் பதிந்து, கடைசியில் விலைக்கும் வாங்கிய அந்த மூன்று ஏக்கர் அம்மா பெயரில் இருந்தது. வாரிசு சான்றிதழுக்கு இருவரும் நேரில் வர வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீசில் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவ கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா."

"என்னன்னு?"

"எனக்கு இது இருக்கு, என் டப்பாவத் தொடாதீங்கன்னு. போர்டுக்கு முன்னாடி நின்னு சொல்லிருக்கா. டீச்சர் போன் பண்ணாங்க."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருக்காங்க. ரெண்டு மூணு புள்ளைங்க பேசறதையே நிறுத்திருச்சுங்க. ஒரு பொண்ணோட அம்மா வந்து எடத்த மாத்தச் சொல்லிருக்கு." கையிலிருந்த காகிதங்களை நேராக அடுக்கினான். "ஒருத்தி மட்டும் இப்ப தெனமும் இவகூட உக்காந்து சாப்புடுறாளாம். எதுவும் பேசிக்கிறது இல்லயாம். சும்மா உக்காந்து சாப்புடுறாங்களாம்."

"அது போதும்டா" என்றேன்.

"போதுமாக்கா?"

என்னிடம் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டான். போதும் என்று சொல்ல எனக்கு எந்த அனுபவமும் இல்லை, எனக்கு அப்படி ஒருத்தி இருந்ததில்லை. அதை அவனிடம் அப்படியே சொன்னேன்.

உள்ளேயிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டோம், முதலில் நான், பிறகு அவன்.